சித்தனின் பாயசம் யார் வீட்டுப் பாயசம்?

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய பேப்பர் கடை வைத்திருந்த அமீர் பாய்க்கு வாய் கிடையாது. அவர் சம்சாரம் ரசூல் பீவிக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து இருந்தது. தராசுக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருப்பார். பின்னால் காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒரு சாக்கை விரித்துக்கொண்டு பீவி. வந்த கட்டைப் பிரித்து தினசரி தனி, நோட்டுப் புத்தகம் தனி, வாரப் பத்திரிகை தனி என்று ஒதுக்குவது அவள் வேலை. ஒதுக்குகிற கை ஒதுக்கிக்கொண்டிருக்கும், கண் படித்துக்கொண்டிருக்கும், வாய் சும்மா இருக்காது.

ஐந்தாங்கிளாஸோடு அவள் படிப்பை நிறுத்திவிட்டார்கள். ‘பொம்பளப் புள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரிஞ்சா போதும்’ என்று சொன்ன அவள் அத்தா, எழுத்துக் கூட்டத் தெரிந்த பெண்ணைக் கொண்டுபோய் ஒரு காகித மலையின் மேல் உட்கார வைக்கிறோம் என்பதை யோசிக்கவில்லை. கல்யாணமாகி வந்த முதல் வருஷமே பீவி ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். பொட்டலம் மடிக்கப் போக வேண்டிய பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் உருவி எடுப்பாள். அத்தியாய எண்படி அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டினால் புத்தகம் தயார். இருபது வருஷத்தில் அப்படி நாற்பது புத்தகம் சேர்ந்துவிட்டது.

யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். வாடகை கிடையாது, ஆனால் ஒரு சட்டம் உண்டு. திருப்பிக் கொடுக்கும்போது கதையைப் பற்றி ஒரு விளக்கம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ‘நல்லா இருந்திச்சி’ என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தால் பீவி புத்தகத்தை வாங்கவே மாட்டாள்.

“நல்லா இருந்திச்சின்னு எங்க வூட்டு ஆடு கூட சொல்லும், அதுவும் பேப்பர் தின்னுதே. நீங்க மனுசருங்க. எதுக்கு நல்லா இருந்திச்சி, அத்தச் சொல்லுங்க.”

சொன்ன விளக்கத்தை, புத்தகத்தின் கடைசியில் சேர்த்துத் தைத்திருக்கும் வெற்றுத்தாளில், ஊரும் பேரும் போட்டு அவளே எழுதி வைப்பாள். நாற்பது புத்தகத்தில் முப்பத்தொன்பதுக்கு நாலைந்து தாள் போதுமானதாக இருந்தது. ‘சாம்பல்மலைச் சித்தன்’ என்ற ஒன்றுக்கு மட்டும் கதையின் பருமனுக்குச் சமமாக விளக்கம் சேர்ந்துவிட்டது.

அது ஒரு மாயாஜாலக் கதை. அறுபத்திரண்டு அத்தியாயம். சாம்பல் மலைக் குகையில் ஒரு சித்தன் இருக்கிறான். கையை நீட்டி ‘வா’ என்றால் எது வேண்டுமானாலும் வரும். ஐந்நூறு பேருக்குப் பாயசம் வரும், அம்பாரியோடு யானை வரும், ஒருமுறை கட்டின கல்மண்டபமே வந்தது. எங்கிருந்து வருகிறது? இதுதான் கேள்வி. இதற்கு விடை பதினேழாம் அத்தியாயத்தில் இருந்தது. பதினெட்டாம் அத்தியாயமே இப்படித்தான் ஆரம்பிக்கும்: ‘நேற்று குகையில் நான் சொன்ன ரகசியத்தை எந்நாளும் மறவாதே, குழந்தாய்!’ பீவி தைத்த புத்தகத்தில் பதினேழாம் அத்தியாயம் மட்டும் இல்லை.

தேடாத இடமில்லை. எடைக்கு வந்த கட்டுகளையெல்லாம் இரண்டு தடவை பிரித்தாள். பத்திரிகை ஆபீசுக்குக் கார்டு போட்டாள். பழைய இதழ்கள் கைவசம் இல்லை என்று பதில் வந்தது. கரியாலூர் பஸ் கண்டக்டர் சின்னக்கண்ணு, போகிற வழியில் எந்தக் கடையில் வேர்க்கடலை வாங்கினாலும் பொட்டலத்தைப் பிரித்து அத்தியாய எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கடலையைத் தின்பான். கதவில்லாத வீட்டில் யார் வேண்டுமானாலும் நுழையலாம் அல்லவா? பதினேழு இல்லாத புத்தகத்தில் படித்தவர்கள் எல்லாரும் நுழைந்தார்கள்.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் ஒருவர், மந்திரம் கரும்பு மாதிரி என்று எழுத வைத்தார். முதல் பிழிவில் சாறு ஜாஸ்தி, இரண்டாவதில் கம்மி, மூன்றாவதில் சக்கை. ஒரே நாளில் மூன்றாம் தடவை ‘வா’ என்றால் ஒன்றும் வராது. ஒன்பது, இருபத்து மூன்று, நாற்பது என்று மூன்று அத்தியாயத்தில் அப்படித்தான் நடக்கிறது என்று எண் சொல்லிக் காட்டினார். பீவி சரிபார்த்து அசந்துபோனாள். மலை மேலிருந்து சின்னக்கண்ணு மூலமாக ஒரு விளக்கம் வந்தது. சொன்னவர் பெயர் சடையன், கரியாலூரில் சாமை விதைக்கிறவர். ‘சாமான் எதுவும் வரவில்லை, ஆட்கள்தான் போகிறார்கள். மலையில் பனி மூடினால் வீடு எங்கே என்று தெரியாது. பனி விலகும்போது வீடு வந்து நிற்கிற மாதிரி இருக்கும். நடந்தது நாம்தான்.’ இதை எழுதிவிட்டு பீவி ஒரு நாள் முழுக்க அதையே சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

ஆனால் ஊரில் செல்லுபடியானது பீவியின் சொந்த விளக்கம்தான். அதற்குச் சட்டிக் கணக்கு என்று பெயர். ஐந்தாம் அத்தியாயத்தில் சித்தன் ஐந்நூறு பேருக்குப் பாயசம் வரவழைக்கிறான். ஆறாம் அத்தியாயத்தில், பக்கத்து நாட்டு அரண்மனையில் அண்டா காலியாக இருக்கிறது என்று ராணி சமையல்காரனைத் திட்டுகிறாள். முப்பத்தொன்றில் யானை வருகிறது. முப்பத்து மூன்றில் எங்கோ ஒரு பாகன் ஆற்றங்கரையில் அழுதுகொண்டிருக்கிறான். கதை எழுதினவர் இரண்டையும் சேர்த்துச் சொல்லவே இல்லை. சேர்த்தது பீவி.

“ஒண்ணுமில்லாததுல இருந்து ஒண்ணும் வராது. இங்க ஒரு சட்டி நெறஞ்சா அங்க ஒரு சட்டி காலியாவும். சித்தன் இன்னா, படச்சவனா? அவன் எடுத்து வெக்கிற ஆளு, அவ்ளோதான்.”

இதை எதிர்த்து நின்ற ஒரே ஆள் பொன்னுரங்கம். பக்கத்துக் கடை டெய்லர். பள்ளிக்கூட யூனிபாரம்தான் அவன் தொழில். ஜூன் மாதம் வந்தால் தையல் மிஷினோடு சேர்ந்து அவனும் புகைவான். துணி மேல் வைத்து வெட்டும் மாதிரித்தாளான அச்சுக்குப் பழைய பத்திரிகைத் தாளை அமீர் பாயிடம் கிலோக் கணக்கில் வாங்குவான். அவனுடையது விளக்குக் கணக்கு.

“யக்கா, ஒரு வெளக்குல இருந்து நூறு வெளக்கு ஏத்தறோம். மொத வெளக்கு வெளிச்சம் கம்மியாவுதா? சித்தன் கையி அந்த மாரி. நாப்பத்தி நாலுல கூட இருக்கற சிஷ்யப் பொண்ணுக்குப் பாதி சக்தியக் குடுக்கறான். அப்புறமும் அவனுக்கு முழுசாத்தான் இருக்குது. அதுக்கு இன்னா சொல்ற?”

“அப்போ பாகன் எதுக்கு அழுவுறான்?”

“பொண்டாட்டி அடிச்சிருப்பா.”

தினமும் இதே சண்டை. எதிர் டீக்கடைக்கு வருகிறவர்கள் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். கடைசியில் ஒருநாள், சின்னக்கண்ணு விசில் மேல் சத்தியம் வாங்க, பந்தயம் முடிவாயிற்று. பதினேழு கிடைக்கிற அன்றைக்கு யார் தோற்கிறார்களோ, அவர்கள் அப்புறம் கதையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. எந்தக் கதையைப் பற்றியும்தான். ஆயுசுக்கும்.

பீவி சிரித்துக்கொண்டேதான் சத்தியம் செய்தாள். அன்று ராத்திரி சோறு போடும்போது நினைத்துப் பார்த்ததும் கரண்டியை அப்படியே சட்டியில் விட்டாள். அவளுக்கு வேறு என்ன இருந்தது? வீட்டில் அவள் சொல்லும் எதையும் அமீர் பாய் மறுத்ததில்லை, கேட்டதுமில்லை. சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில் பிரியாணிக்கு உப்புப் பார்ப்பதோடு அவள் அபிப்பிராயம் முடிந்துவிடும். சாக்கு மேல் உட்கார்ந்து பேசும் அந்தப் பேச்சுக்குத்தான் மலையிலிருந்தும் ஆலையிலிருந்தும் ஆள் வந்தது. அது போனால் அவள் பேப்பர் ஒதுக்கும் பொம்பளை, அவ்வளவுதான்.

அந்த வருஷங்களில்தான் இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்தது. தங்கள் சாதிக்கென்று படிப்பிலும் வேலையிலும் தனிப் பங்கு வேண்டும் என்று தென்னாற்காடு முழுக்க ஊருக்கு ஊர் கூட்டம், சுவருக்குச் சுவர் எழுத்து. பொன்னுரங்கம் அந்தச் சாதி. கூட்டத்துக்குப் போவான், திரும்பி வந்து தொண்டை கட்டிக்கொண்டு பட்டன் தைப்பான். கடைத்தெருவில் மற்றச் சாதிக்காரர்கள் அவனிடம் பழைய மாதிரிதான் பேசினார்கள். ஆனால் சட்டைக்கு அளவு கொடுக்கும்போது மட்டும்தான் பேசினார்கள்.

பீவியின் சட்டிக் கணக்குக்கு அப்போது எதிர்பாராத மவுசு வந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, மாயாஜாலக் கதையின் அட்டையைக் கூடத் தொட்டுப் பார்க்காதவர்கள் எல்லாம் அதைப் பேசினார்கள்.

“பீவி சொல்றது நூத்துக்கு நூறு, இன்னா? ஒருத்தன் சட்டி நெறையணும்னா இன்னொருத்தன் சட்டில கைய வெக்கணும். டெய்லரு! நீ கேக்கறது யாரு வூட்டுச் சட்டிப்பா?”

பொன்னுரங்கம் தலையைத் தூக்க மாட்டான். மிஷினை வேகமாக மிதிப்பான். பீவிக்குச் சுருக்கென்றது. தன் வாயிலிருந்து வந்த சொல், தன் கண் முன்னால், கல்லாகிப் பக்கத்துக் கடையில் போய் விழுகிறது. அவர்களைத் திட்டினாள்தான். “கதைக்குச் சொன்னத கதையோட வெச்சிக்குங்கயா” என்றாள்தான். ஆனால் அவள் மனசிலும் ஒரு சந்தேகம் உட்கார்ந்திருந்தது. அவள் மகள் மாஹிரா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் டிரெயினிங் சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மொத்த இடம் அதேதான், தனிப் பங்கு பிரித்தால் நம் பிள்ளைகளுக்குக் குறையும் என்று பீவியின் அண்ணன்மார்கள் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்கள்.

மனசில் வைத்துக்கொண்டிருக்கும் பழக்கம் பீவிக்குக் கிடையாது. நேராகப் போய் மிஷின் முன்னால் நின்றாள்.

“தம்பி, வெளையாட்டு இல்ல. நெசமாவே கேக்கறேன். உங்க சட்டி நெறஞ்சா எங்க மாஹிரா சட்டி காலியாவுமா?”

பொன்னுரங்கம் மிதிப்பதை நிறுத்தினான். ஊசியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“தெரிலக்கா. எங்க அப்பாரு கூலிக்குக் கரும்பு வெட்னாரு. அவங்க அப்பாரும் அதான். எங்க வூட்ல மொத மொத பேனா புடிச்சது நானு, அதுவும் அளவு எழுதறதுக்கு. சட்டி நெறையறது அப்புறம், மொதல்ல சட்டின்னு ஒண்ணு வரட்டும்னுதான் போய்க்கினு இருக்கறேன். அதுக்காக மாஹிரா டீச்சராவலன்னா எனக்கு மட்டும் மனசு ஆறுமா?”

பீவி பதில் பேசாமல் திரும்பி வந்ததைப் பார்த்து அமீர் பாயே தராசிலிருந்து கண்ணை எடுத்தார்.

செப்டம்பரில் ஒரு வாரச் சாலை மறியல் வந்தது. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, பத்திரிகைக் கட்டு இல்லை. சின்னக்கண்ணுவின் பஸ் கரியாலூரிலேயே மாட்டிக்கொண்டது. விழுப்புரம் பக்கம் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, சில ஊர்களில் சேரிக் குடிசைகள் எரிந்தன என்று செய்தி வந்தது. அந்த வாரம் கடைத்தெருவில் யாரும் சட்டி என்றோ விளக்கு என்றோ பேசவில்லை. அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோ கேட்டார்கள்.

மூன்றாம் நாள் தியாகதுருகம் ரோட்டில், சாய்த்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்களை வேனில் ஏற்றினார்கள். அதில் பொன்னுரங்கமும் ஒருவன். கடையிலிருந்து நேராகப் போனதால் அளவு டேப் கழுத்திலேயே தொங்கியிருக்கிறது. ‘ரோட்டை அளக்க வந்தியாய்யா?’ என்று ஒரு போலீஸ்காரர் கேட்டாராம். டேப்போடு அவன் கடலூர் ஜெயிலுக்குப் போய்ச் சேர்ந்தான்.

மறியல் முடிந்து ரோடு திறந்தது. பொன்னுரங்கம் வரவில்லை. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது, தைக்கக் கொடுத்த துணி கடையில் மலையாகக் கிடந்தது. அவன் சம்சாரம் கமலா கடையைத் திறந்தாள். அவளுக்கு மிஷின் ஓட்டத் தெரியும், வெட்டத் தெரியாது.

“அக்கா, சின்னப் புள்ளைங்க டவுசரு பதினோரு உருப்படி நிக்குது. அச்சு எங்க மாட்டி வெச்சிக்கிறாருன்னு தெரில. வந்து ஒரு கை குடுக்கறியா?”

பீவி போனாள். பொன்னுரங்கம் கடையில் சட்டை அச்சு, காலர் அச்சு எல்லாம் சுவர் ஆணியில் வரிசையாகத் தொங்கின. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையின் அரைக்கால் சட்டை அச்சு மட்டும் அங்கே இல்லை. மிஷினுக்குப் பின்னால், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில், தனியாக ஒரு ஆணியில் மாட்டியிருந்தது. எடுத்து உதறினாள். இரண்டு கால், ஒரு இடுப்பு. பத்திரிகை நடுப்பக்கத்தை விரித்து வெட்டியது. இடுப்புப் பட்டி வருகிற இடத்தில் பெரிய எழுத்தில் ‘சாம்பல்மலைச் சித்தன்’ என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, பதினேழு.

பீவி அப்படியே துணிக் குவியல் மேல் உட்கார்ந்தாள்.

இடது கால் ஓரத்தில் நீலப் பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தது. ‘நான் யாரிடமிருந்தும் எதையும் எடுப்பதில்லை, குழந்தாய்! ஒரு சுடரிலிருந்து இன்னொரு சுடரை ஏற்றுகிறேன். ஏற்றியதால் எந்தச் சுடராவது குறைந்ததுண்டோ? என்று நகைத்தான் சித்தன்.’ இரண்டு கால்களுக்கும் நடுவே கத்தரி வளைந்து போனதில் பல வரிகள் காணாமல் போயிருந்தன. அதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. அடிக்கோடு போட்ட வரி ஒன்றே அவளுக்குப் போதுமாக இருந்தது. தோற்றுவிட்டாள்.

“இது எப்போ கெடச்சிது?” என்றாள்.

கமலா திருதிருவென்று முழித்தாள். பிறகு சொல்லிவிட்டாள்.

“பள்ளிக்கூடம் தொறக்க சொல்லோக்கா. ஜூன்ல. வெட்டி முடிச்சி ஆணில மாட்ட சொல்லத்தான் நம்பரப் பாத்தாரு. ‘அடச்சே, வெட்டிட்டேனே’ன்னு தலையில அடிச்சிக்கினாரு. அப்புறம் படிச்சிட்டு ஒரே சிரிப்பு. நான் கூட, ‘போய் அக்காகிட்ட காட்டு, ஜெயிச்சிட்டியே’ன்னேன். வேணாம்னுட்டாரு.”

“ஏனாம்?”

“‘அக்கா வாய மூடிக்கினா கடைத்தெருவுல எனக்குன்னு பேச யாருடி கீறாங்க’ன்னாரு.”

ஜூன். டீக்கடை பெஞ்சில் ‘யாரு வூட்டுச் சட்டி’ என்று கேட்டது ஜூலையில். ஆகஸ்டிலும் கேட்டார்கள். பீவியே போய் மிஷின் முன்னால் நின்று கேட்டாளே, அன்றைக்கும் இந்த அச்சு அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டி எடுத்திருந்தால் போதும், மொத்தக் கடைத்தெரு வாயும் அடைபட்டிருக்கும். அவன் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பீவிக்கு அழுகை வந்தது. நல்ல அழுகைதான், ஆனாலும் புடவைத் தலைப்பு நனைகிற அளவுக்கு வந்தது. தன் பேச்சுக்கு இத்தனை விலை கொடுத்து ஒருத்தன் காத்திருக்கிறான் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

அச்சைத் தினசரித் தாளில் நகல் எடுத்துக் கமலாவுக்குக் கொடுத்தாள். மூலத்தை எடுத்துக்கொண்டு வந்து தராசு மேல் போட்டாள். அமீர் பாய் பார்த்தார். அந்த வருஷத்தின் மிக நீளமான பேச்சை அவர் அப்போதுதான் பேசினார்.

“நோன்பு மாசத்துல நீ தூங்கிக்கினு இருந்த. அவரு ரெண்டு கிலோ கேட்டாரு. நான்தான் நிறுத்துக் குடுத்தேன்.”

“நல்லா நிறுத்தீங்க” என்றாள் பீவி. தேடாத ஊரில்லை, பிரிக்காத பொட்டலமில்லை. கடைசியில் பதினேழு அவள் சொந்தத் தராசிலிருந்தே இறங்கிப் பக்கத்துக் கடைக்குப் போயிருக்கிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

மறைத்திருக்கலாம். கமலா சொல்லப் போவதில்லை, பொன்னுரங்கம் சொல்லவே மாட்டான். அவள் அப்படி ஒரு நிமிஷம் நினைத்தாள் என்பதும் உண்மை. ஆனால் அடுத்த நாள் காலையில், புத்தகத்தின் தையலைப் பிரித்து, பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில், அரைக்கால் சட்டையை அரைக்கால் சட்டையாகவே வைத்துத் தைத்தாள். இரண்டு கால்களும் புத்தகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, மடித்துவிட்டாள். பிறகு டீக்கடை பெஞ்சுக்கு முன்னால் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அடிக்கோடு போட்ட வரியைப் படித்தாள்.

“கேட்டுக்கினீங்களா? டெய்லருதான் கரெக்டு. நான் சொன்னது தப்பு. இனிமே யாராவது சட்டி கிட்டின்னு எம்பேரச் சொல்லிக்கினு அந்தக் கடைப் பக்கம் பேசினீங்க, நடக்கறதே வேற.”

அதோடு வாயை மூடிக்கொண்டாள். மூடினாள் என்றால் நிஜமாகவே மூடினாள். சின்னக்கண்ணு மலையிலிருந்து புது விளக்கம் ஒன்றோடு வந்து, படியில் நின்றபடியே சொன்னான். பீவி தலையை ஆட்டி, பேனாவை எடுத்து, எழுதிக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னக்கண்ணு பயந்துபோய் அமீர் பாயிடம், “அக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்டான். ஆலைக்காரர் வந்தார், காத்திருந்து பார்த்தார், போனார். டீக்கடையில் வியாபாரம் குறைந்தது என்று டீ மாஸ்டரே வந்து முறையிட்டார். மாஹிரா, “அம்மா, ஒரு வார்த்த பேசும்மா, வூடே என்னவோ மாதிரி இருக்குது” என்றாள். சோறு, குழம்பு, துணி, தண்ணீர் என்று எல்லாம் பேசினாள் பீவி. கதை மட்டும் பேசவில்லை. சத்தியம் சத்தியம்தான்.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது பொன்னுரங்கம் வந்தான். இளைத்திருந்தான், தாடி இருந்தது. டேப் இன்னும் கழுத்தில் இருந்தது. வீட்டில் குளித்துவிட்டு நேராகப் பேப்பர் கடைக்குத்தான் வந்தான். கமலா எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்.

“யக்கா.”

“வாங்க தம்பி. சாப்ட்டீங்களா?”

“சாப்ட்டேன். புஸ்தகத்த எடு.”

எடுத்துக் கொடுத்தாள். அவன் மடிப்பைப் பிரித்து, இரண்டு கால்களையும் விரித்து வைத்தான். தான் வெட்டின அச்சை, யாரோ வெட்டினதைப் பார்ப்பது போல மேலும் கீழும் பார்த்தான்.

“பந்தயம் செல்லாது.”

பீவி கேள்வியாகப் பார்த்தாள்.

“படிக்கத் தெரிஞ்சவதானே நீ? அடிக்கோடு போட்டதோட நிறுத்திட்டியே. இங்க பாரு, இடது காலு முடியற எடம். ‘ஆனால், மகளே, ஒன்றை மட்டும் மறவாதே. ஒவ்வொரு முறையும்’. அதோட எங் கத்திரி பூந்துடுச்சி. எட்டு வரி காலி. இந்தாண்ட வலது காலுக்கு வந்துட்டா ஒரே ஒரு வார்த்ததான் தப்பிச்சிருக்குது. படி.”

பீவி குனிந்தாள். வலது காலின் ஓரத்தில், வளைவுக்குப் பக்கத்தில், ‘எண்ணெய்’ என்று இருந்தது. அதை அடுத்து, ‘என்றான் சித்தன். அவள் கண்கள் நிறைந்தன.’

“ஜெயில்ல இருபத்தஞ்சு நாளு இத்தத்தான்கா யோசன பண்ணிக்கினு இருந்தேன்” என்றான் பொன்னுரங்கம். “வெளக்கு வெளக்குன்னு சொல்லிக்கினு இருந்தேனே, ஏத்தற வெளக்குக்கெல்லாம் எண்ணெய் வேணுமேன்னு எங்கனா எனக்குத் தோணிச்சா? போன எட்டு வரில அவன் இன்னா சொன்னானோ! யாரு ஜெயிச்சா, யாரு தோத்தா, ஒண்ணும் தெரியாது. நீ பேசு.”

பீவி அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே கரியாலூர் பஸ் வந்து நின்றது. படியில் தொங்கிய சின்னக்கண்ணு, விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கடையையே பார்த்தான். டீக்கடை பெஞ்சில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். அமீர் பாய் தராசுக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, தட்டில் வைக்காமல் இருந்தார்.

“எண்ணெய் யாரு வூட்டுது தம்பி?” என்றாள் ரசூல் பீவி.

பொன்னுரங்கம் தன் கடையிலிருந்து முக்காலியை இழுத்து வந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.